சிவப்பு விமானத்தை வீழ்த்தியது யார்? ரிக்தோஃபன் மரணமும் அதை ஆராயும் முறையும்

வட பிரான்சில், சோம் ஆற்றை ஒட்டிய மோர்லான்கூர் மேட்டில், 1918 ஏப்ரல் 21 ஞாயிற்றுக்கிழமை முற்பகல் 11 மணிக்குச் சற்று முன்பாக, மூன்றடுக்கு இறக்கைகள் கொண்ட சிவப்பு நிற ஜெர்மானியப் போர் விமானம் ஒன்று ஒரு வயலில் விழுந்து நின்றது. விமானத்தின் சக்கரங்கள் நொறுங்கியிருந்தனவே தவிர, உடல் பெரிதாகச் சிதையவில்லை. உள்ளே இருந்த விமானி மட்டும் இறந்திருந்தார், அல்லது இறந்துகொண்டிருந்தார். அவர் மன்பிரட் வான் ரிக்தோஃபன். முதல் உலகப் போரில் 80 எதிரி விமானங்களை வீழ்த்தியவர் என்ற கணக்குக்குச் சொந்தக்காரர்; ‘ரெட் பேரன்’ என்று இன்றும் அழைக்கப்படுபவர். அப்போது அவருக்கு 25 வயது. இன்னும் 11 நாள்கள் இருந்திருந்தால் 26 முடிந்திருக்கும்.

அவரைச் சுட்டு வீழ்த்தியது தாமே என்று அன்றைய தினமே ஒன்றுக்கு மேற்பட்ட தரப்பினர் கூறினர். அந்தச் சர்ச்சை நூறு ஆண்டுகளைக் கடந்தும் முழுமையாக ஓயவில்லை. பொதுவாக ஒரு மரணம் சர்ச்சைக்குள்ளாகும்போது, அது விபத்தா, தற்கொலையா, கொலையா என்பதே முதற்கேள்வியாக இருக்கும். இங்கே அந்தக் குழப்பம் இல்லை. ஒரே ஒரு தோட்டா மார்பைத் துளைத்துச் சென்றதால் ரிக்தோஃபன் இறந்தார் என்பதை எல்லாத் தரப்பும் ஏற்கிறது. இடம் தெரியும், நேரம் தெரியும், ஆயுதத்தின் வகை தெரியும். சுட்ட கை எது என்பது மட்டுமே தெரியாது. ஆகவே, சர்ச்சைக்குரிய ஒரு மரணத்தை எந்த வரிசையில் ஆராய வேண்டும், எந்தச் சான்றுக்கு எவ்வளவு எடை தர வேண்டும் என்பதைப் புதிதாகக் கற்க விரும்புகிறவருக்கு இது மிகவும் பொருத்தமான வழக்கு.

முதலில் நிகழ்ச்சியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கப்பி என்ற இடத்திலிருந்த தளத்திலிருந்து அன்று காலை ரிக்தோஃபனின் அணி புறப்பட்டது. அந்தப் பகுதியில் காற்று வழக்கமாக மேற்கிலிருந்து கிழக்காக, அதாவது ஜெர்மானியர் பக்கமாக வீசும். அன்று அது திசை மாறிக் கிழக்கிலிருந்து வீசியது. அதனால் வானில் சண்டையிட்ட விமானங்கள் தம்மை அறியாமலே நேசப் படைகளின் பகுதிக்குள் தள்ளப்பட்டன. எதிரே வந்தது பிரிட்டிஷ் வான்படையின் 209ஆம் அணி. அதில் ஒரு பிரிவின் தலைவர் கனடாவைச் சேர்ந்த கேப்டன் ராய் பிரௌன். அந்த அணியில் வில்ஃபிரிட் மே என்ற புதியவர் இருந்தார். சண்டையில் கலக்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும் எதிரில் தென்பட்ட ஒரு ஜெர்மானிய விமானத்தை அவர் தாக்கினார்; அதை ஓட்டியவர் ரிக்தோஃபனின் உறவினரும் மேயைப் போலவே புதியவருமான வோல்ஃப்ராம். மேயின் துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டன. அவர் தம் தளத்தை நோக்கித் தப்பி ஓட, ரிக்தோஃபன் அவரைத் துரத்தினார். இதைக் கண்ட பிரௌன் மேலிருந்து பாய்ந்து வந்து ரிக்தோஃபனைச் சுட்டார்; தரை நெருங்கிவிட்டதால் விமானத்தை மேலே திருப்பி விலகிச் சென்றார். ரிக்தோஃபனோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே மிகத் தாழ்வாகப் பறந்து, மேயை விடாமல் துரத்திக்கொண்டு மோர்லான்கூர் மேட்டைக் கடக்கப் பார்த்தார். மேட்டில் ஆஸ்திரேலியப் படைகள் இருந்தன. 24ஆம் இயந்திரத் துப்பாக்கிப் பிரிவின் சார்ஜென்ட் செட்ரிக் பாப்கின் தம் விக்கர்ஸ் துப்பாக்கியால் சுட்டார். 53ஆம் பீரங்கிப் பிரிவைச் சேர்ந்த ராபர்ட் பூயியும் ‘ஸ்னோவி’ எவன்ஸும் தத்தம் லூயிஸ் துப்பாக்கிகளால் சுட்டனர். சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்த காலாட்படையினர் பலரும் சுட்டனர். சிவப்பு விமானம் திரும்பியது, தடுமாறியது, பிரே–கோர்பி சாலையோரம் இருந்த வயலில் இறங்கியது.

ஆக, உரிமை கோரியவர்கள் முதன்மையாக மூன்று தரப்பு: வானிலிருந்து சுட்ட பிரௌன், தரையிலிருந்து சுட்ட பாப்கின், தரையிலிருந்தே வேறிடத்தில் நின்று சுட்ட பூயி–எவன்ஸ் இருவர்.

இந்த இடத்தில் புதியவர்கள் பெரும்பாலும் ஒரு தவறான பாதையில் இறங்கிவிடுகிறார்கள். மூவரின் வாக்குமூலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எவர் சொல்வது நம்பும்படியாக இருக்கிறது என்று பார்க்கத் தொடங்குகிறார்கள். மூவருமே நேர்மையான போர்வீரர்கள். மூவருமே தாம் கண்டதாக நம்பியதைத்தான் சொன்னார்கள். நம்பகத்தன்மையை வைத்து மட்டும் இந்த வழக்கில் ஓரடிகூட நகர முடியாது. சாட்சிகளை ஒதுக்கிவைத்துவிட்டு உடலிலிருந்து தொடங்குவதே முறை. உடல் சொல்வதை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு, அதற்கு யாருடைய கூற்று பொருந்துகிறது என்று பார்க்கலாம்.

தோட்டாவே எல்லாவற்றையும் சொல்லிவிடாதா என்று கேட்கலாம். இங்கே சொல்லாது. பிரௌன் ஓட்டிய சோப்வித் கேமல் விமானத்தில் இருந்தவை விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகள், பாப்கினுடையதும் விக்கர்ஸ், பூயி, எவன்ஸ் கைகளில் இருந்தவை லூயிஸ், காலாட்படையினர் வைத்திருந்தவை லீ–என்ஃபீல்டு. இவை அத்தனைக்கும் ஒரே அளவுத் தோட்டா, 7.7 மில்லிமீட்டர். தோட்டாவின் மேற்பரப்பில் குழல் பதிக்கும் கோடுகளை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, அது எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று சொல்லும் முறை நீதிமன்றங்களில் வேரூன்றியதே 1920களில்தான். அதற்குள் இந்தத் தோட்டாவும் கைவிட்டுப் போயிருந்தது.

எனவே எஞ்சியது காயம். ரிக்தோஃபனின் உடல் பூலன்வீல் என்ற ஊரில் ஆஸ்திரேலியப் பறக்கும் படையின் 3ஆம் அணி வைத்திருந்த விமானக் கொட்டகைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அன்றிரவும் மறுநாளும் ராணுவ மருத்துவர்கள் பலர் அதைப் பார்வையிட்டனர். யாரும் மார்பைத் திறந்து முறையான பிரேதப் பரிசோதனை செய்யவில்லை. வெளிக்காயங்களைப் பார்த்தார்கள், காயத்துக்குள் கம்பியை விட்டுப் பார்த்தார்கள். ஆஸ்திரேலிய மருத்துவ அதிகாரி கர்னல் பார்பர் இதற்குப் பயன்படுத்தியது வேலிக்கம்பித் துண்டு ஒன்றை. வியப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் போர்முனைக் கொட்டகையில், இறப்புக்கான காரணம் கண்கூடாகத் தெரிந்த ஓர் எதிரியின் உடலுக்கு, அதற்கு மேல் தேவை என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் கண்டது இதுதான். தோட்டா வலது அக்குளுக்குக் கீழே, சற்றுப் பின்புறமாக நுழைந்திருந்தது. இடது மார்புக்காம்பின் அருகே, நுழைந்த இடத்தைவிடச் சற்று உயரத்தில், முன்புறமாக வெளியேறியிருந்தது. அதாவது, விமானியின் உடலை வைத்துப் பார்த்தால், வலமிருந்து இடமாக, பின்னிருந்து முன்னாக, சிறிதளவு கீழிருந்து மேலாக அது பயணம் செய்திருக்கிறது. இதில் மருத்துவர்களிடையே ஒரு முக்கியமான கருத்து வேறுபாடு இருந்தது. தோட்டா முதுகெலும்பில் பட்டுத் திசைமாறியது என்று ஒரு தரப்பு கருதியது. அப்படித் திசைமாறியிருந்தால் வெளியேறிய காயம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும், ஆகவே அது நேராகவே ஊடுருவியது என்று மற்றொரு தரப்பு கருதியது. இந்த வேறுபாட்டைச் சிறியதாக எண்ணிவிடக் கூடாது. நேராகச் சென்றிருந்தால்தான் நுழைந்த புள்ளியையும் வெளியேறிய புள்ளியையும் இணைக்கும் கோட்டைப் பின்னோக்கி நீட்டித் துப்பாக்கி இருந்த திசையைத் தேட முடியும். எலும்பில் பட்டுத் திரும்பியிருந்தால் அந்தக் கோட்டுக்குப் பொருளே இல்லை. நுழைந்த இடம் மட்டுமே மிஞ்சும். மார்பைத் திறந்து முதுகெலும்பைப் பார்த்திருந்தால் அரைமணி நேரத்தில் தீர்ந்திருக்கக்கூடிய கேள்வி இது.

அன்றைய மருத்துவ அறிக்கையில் காயங்கள் அமைந்துள்ள விதத்தைப் பார்த்தால் அவை தரையிலிருந்து சுடப்பட்டதால் ஏற்பட்டிருக்க முடியாது என்ற முடிவும் இடம்பெற்றது. பிரௌனுக்குச் சாதகமாக நீண்ட காலம் எடுத்துக்காட்டப்பட்ட வாசகம் அது. அந்த முடிவு எங்கே பிசகியது என்பதைப் புரிந்துகொண்டால், இந்த வகை விசாரணையின் அடிப்படையே புரிந்துவிடும் என்பது என் கருத்து.

காயம் காட்டும் திசை உடலைப் பொறுத்த திசை. தரையைப் பொறுத்த திசை அன்று. மேசைமீது கிடத்தப்பட்ட உடலில் ‘பக்கவாட்டு’ என்று தெரிவது, வானத்தில் அந்த உடல் இருந்த நிலையில் எந்தத் திசையாகவும் இருந்திருக்கலாம். திருவிழாக்களில் மரணக்கிணறு பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கிணற்றுச் சுவரில் வேகமாகச் சுற்றும் மோட்டார் சைக்கிள்காரரின் தலை கிணற்றின் நடுப்பகுதியை நோக்கியும், சக்கரங்கள் சுவரை நோக்கியும் இருக்கின்றன. கீழே தரையில் நிற்பவர் அவருடைய காலடியில் இல்லை. அவருடைய தோளுக்குப் பக்கவாட்டில் இருக்கிறார். தாழ்வாகப் பறந்துகொண்டே கூர்மையாகத் திரும்பும் விமானமும் அப்படித்தான் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அந்தச் சாய்வில் தரையிலிருந்து மேல்நோக்கி வரும் தோட்டா, விமானியின் உடலில் ஏறத்தாழக் கிடைமட்டமாகப் பாய முடியும். விமானம் மட்டமாகப் பறந்துகொண்டிருந்தது என்று சொல்லாமலே அனுமானித்துக்கொண்டதால்தான், தரையிலிருந்து சுட்டிருக்க முடியாது என்று மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்கள் காயத்தைத் தவறாகப் பார்க்கவில்லை. காயத்துக்கும் தரைக்கும் இடையே ஒரு விமானம் இருந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதிலிருந்து மற்றொரு கேள்வி பிறக்கிறது. தோட்டா உடலில் பாய்ந்த கணத்தில் விமானம் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருந்தது? அதற்கான நேரடிச் சான்று விமானத்தின் உடலிலேயே இருந்திருக்கும். விமானி அமர்ந்த குழியின் வலப்பக்கத் துணியில் தோட்டா நுழைந்த துளை ஒன்று இருந்திருக்க வேண்டும். அந்தத் துளையையும் உடலில் நுழைந்த இடத்தையும் ஒரு நூலால் இணைத்தால், தோட்டா விமானத்துக்குள் வந்த திசை தெளிவாகக் கிடைத்திருக்கும். முதுகெலும்புச் சர்ச்சையும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் விமானம் இறங்கிய சிறிது நேரத்திலேயே படைவீரர்கள் சூழ்ந்துகொண்டு நினைவுப் பொருள்களுக்காக அதைப் பிய்த்தெடுத்துவிட்டார்கள். சிவப்புத் துணி துண்டு துண்டாக வெட்டப்பட்டது. இயந்திரம் இன்று லண்டனில் இம்பீரியல் வார் மியூசியத்தில் இருக்கிறது. இருக்கை பிரௌனிடம் சென்று, டொரொன்டோவில் உள்ள ராணுவ நிறுவனம் ஒன்றை அடைந்தது. இயக்குத்தண்டு கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது. அருங்காட்சியகங்களுக்கு இவை பொக்கிஷங்கள். விசாரணைக்குத் தேவைப்பட்டதோ ஒரு சாண் அகலமுள்ள, தோட்டா துளைத்த துணி. அதுதான் இல்லை. தடயம் கிடந்த இடத்தைப் பாதுகாப்பதே விசாரணையின் முதல் வேலை என்று இன்றைய காவல்துறைப் பயிற்சிகளில் ஏன் அவ்வளவு வலியுறுத்துகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

காயத்தின் திசை முழு விடையைத் தராவிட்டாலும், காயத்தின் தன்மை மற்றொரு வழியில் உதவுகிறது. அது நேரம். வலது அக்குளுக்குக் கீழிருந்து இடது மார்புக்காம்பு வரை ஒரு கோடு இழுத்தால், அது இதயத்தையோ அதிலிருந்து கிளம்பும் பெருங்குழாய்களையோ தொடாமல் போவது கடினம். இதயம் ரத்தத்தை அனுப்புவதை முற்றாக நிறுத்திவிட்டால், மூளையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனைக் கொண்டு ஒருவர் ஏறத்தாழ 10 முதல் 15 வினாடிகள் வரை நினைவோடு இருக்க முடியும். ரத்தப்போக்கு சற்று மெதுவாக நடந்தால் இன்னும் கொஞ்ச நேரம். பின்னாளில் இந்த வழக்கை ஆராய்ந்த மருத்துவர்கள், ரிக்தோஃபனால் அதிகபட்சம் 20 முதல் 30 வினாடிகள் வரை செயல்பட்டிருக்க முடியும் என்று மதிப்பிட்டனர்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போடலாம். விமானம் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது என்று கொண்டால், ஒரு வினாடியில் ஏறத்தாழ 44 மீட்டர் கடக்கும். 30 வினாடியில் சுமார் 1,300 மீட்டர். தோட்டா பாய்ந்த இடம், விமானம் விழுந்த வயலிலிருந்து பறந்த பாதையில் பின்னோக்கி அளந்தால் அந்தத் தொலைவுக்குள்தான் இருந்திருக்க வேண்டும். பிரௌன் சுட்டு விலகியதற்கும் விமானம் விழுந்ததற்கும் இடையே ஒரு நிமிடத்துக்கு மேல், சிலர் கணக்குப்படி இரண்டு நிமிடம் வரை ஆகியிருக்கிறது. இந்த நிமிடக் கணக்கு சாட்சிகளின் மதிப்பீடுதான் என்பது உண்மை. பதற்றத்தில் இருப்பவர்கள் நேரத்தைத் தவறாகச் சொல்வது வழக்கம். அதனால் நிமிடங்களைவிட உறுதியான மற்றொன்றைப் பார்க்க வேண்டும்: பிரௌன் விலகிய பிறகும் சிவப்பு விமானம் மேயின் வாலைப் பிடித்தபடி, அவர் வளைந்த இடத்தில் எல்லாம் வளைந்து துரத்தியதைத் தரையிலிருந்த பலர் கண்டனர். மார்பைத் துளைத்த காயத்தோடு ஒருவர் செய்யக்கூடிய காரியம் அன்று அது. போதாததற்கு, பிரௌன் தாக்கியது மேலிருந்து, பின்னாலிருந்து, ரிக்தோஃபனின் இடப்பக்கமாக. தோட்டாவோ வலப்பக்கம், சற்றுக் கீழிருந்து நுழைந்திருக்கிறது. திசையும் பொருந்தவில்லை, நேரமும் பொருந்தவில்லை. தனித்தனியாக ஐயத்துக்கு இடம்தரும் இரண்டு சான்றுகள், ஒன்றையொன்று சாராமல் ஒரே பக்கம் சுட்டும்போது, அவற்றின் எடை பன்மடங்காகிறது.

தரையில் இருந்தவர்களை ஒப்பிடும்போதும் இதே வழிதான். பூயியும் எவன்ஸும் இருந்த இடத்தை நோக்கி ரிக்தோஃபன் நேராகப் பறந்து வந்தார். அவர்கள் சுட்ட தோட்டாக்கள் பெரும்பாலும் முன்புறத்திலிருந்து பாய்ந்திருக்கும். உடலில் முன்புறத்திலிருந்து நுழைந்த காயம் இல்லை. பாப்கின் இரண்டு முறை சுட்டார். முதல்முறை விமானம் துரத்திச் சென்றபோது. இரண்டாம் முறை அது திரும்பி ஜெர்மானியர் பகுதியை நோக்கிச் செல்ல முயன்றபோது. அப்போது வலப்பக்கம் அவர் பக்கமாக இருந்தது. அதன்பின் சில வினாடிகளில் விமானம் விழுந்தது. வலப்பக்க நுழைவு, சற்றுக் கீழிருந்து மேலாகச் செல்லும் பாதை, காயத்துக்கும் வீழ்ச்சிக்கும் இடையே உள்ள குறுகிய நேரம் ஆகிய மூன்றும் ஒருசேரப் பொருந்துவது பாப்கினின் இரண்டாவது சுடுதலுக்குத்தான். அதே நேரத்தில், அதே பக்கத்திலிருந்து சுட்ட பெயர் தெரியாத ஒரு காலாட்படை வீரரின் தோட்டாவாகவும் அது இருக்கலாம் என்ற வாய்ப்பை இந்தச் சான்றுகளால் நீக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் அதிகாரபூர்வப் போர் வரலாற்றாசிரியர் சார்லஸ் பீன் 1930களில் சாட்சிகளுக்குக் கடிதம் எழுதி விவரம் திரட்டி, பாப்கின் பக்கமே சாய்ந்தார்.

அந்தக் கடிதங்கள் எழுதப்பட்டபோது சம்பவம் நடந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. சாட்சியத்தை எடைபோடும்போது முதலில் கேட்க வேண்டியது, அது எப்போது எழுதப்பட்டது என்பதையே. பிரௌன் அன்றே எழுதிய அறிக்கை சில வரிகளே கொண்டது: சிவப்பு மூவிறக்கை விமானம்மீது பாய்ந்து நீண்ட நேரம் சுட்டதாகவும், அது செங்குத்தாகக் கீழே போனதாகவும் சொல்கிறது. பின்னாளில் அவர் பெயரில் பத்திரிகைகளில் வெளிவந்த விவரிப்புகளில் நாடகத்தன்மை கூடிவிட்டது; அவை அவர் கைப்பட எழுதியவையா என்பதே ஐயத்துக்குரியது. நினைவு கூர்தல் ஒவ்வொரு முறையும் ஒரு திருத்தி எழுதல். கேட்பவர்கள் எதை விரும்புகிறார்கள் என்பதும் அதில் கலந்துவிடும். அன்று எழுதிய வறண்ட நான்கு வரிகள், பிற்காலத்து நாற்பது பக்கங்களைவிட மதிப்புள்ளவை.

அமைப்புகளுக்கும் விருப்பு வெறுப்புகள் உண்டு. பிரிட்டிஷ் வான்படை தோன்றி அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஜெர்மனியின் தலைசிறந்த விமானியைத் தம் விமானி வீழ்த்தினார் என்பது அதற்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. வெற்றி பிரௌன் பெயரில் எழுதப்பட்டது, அவருக்குப் பதக்கமும் கிடைத்தது; 209ஆம் அணியின் சின்னத்தில் கீழே விழும் சிவப்புக் கழுகு இடம்பெற்றது. மறுபுறம், ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்பி நகராட்சி 2007இல் பூயியைத்தான் அங்கீகரித்து நினைவுப் பலகை வைத்தது. ஒரு முடிவை எந்த அமைப்பு அறிவித்தது என்பதைப் பார்க்கும்போது, அந்த முடிவால் அதற்கு என்ன கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும். அதற்காக அது பொய் சொன்னது என்று பொருளில்லை. ஏனைய சான்றுகளைத் தேடும் அக்கறை அங்கே குறைந்திருக்கும் என்பதே பொருள்.

யார் சுட்டார் என்பதிலிருந்து வேறுபட்ட மற்றொரு கேள்வியும் அடிக்கடி எழுப்பப்படுகிறது. எச்சரிக்கைக்குப் பேர்போன ரிக்தோஃபன், எதிரிப் பகுதிக்குள் அவ்வளவு தாழ்வாக, ஒரே விமானத்தை ஏன் அவ்வளவு பிடிவாதமாகத் துரத்தினார்? 1917 ஜூலை 6 அன்று நடந்த சண்டையில் அவருக்குத் தலையில் தோட்டாக்காயம் பட்டது. அதன்பின் தலைவலியும் மனச்சோர்வும் அவரை விடவில்லை. மூளையின் முன்பகுதியில் ஏற்பட்ட பாதிப்பு அவருடைய தீர்மானிக்கும் திறனைக் குறைத்திருக்கலாம் என்று சில மருத்துவ ஆய்வாளர்கள் வாதிட்டுள்ளனர். படிக்க ஈர்ப்பாக இருந்தாலும், இதையும் தோட்டாவின் பாதையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. தோட்டாவின் பாதை அளக்கப்பட்ட ஒன்று. இதுவோ, நேரில் பரிசோதிக்க முடியாத ஒருவரின் மனநிலையைப் பற்றிய ஊகம். அன்றைய கிழக்குக் காற்றும், சற்றே தவறிய இடக்கணிப்பும், 80 வெற்றிகள் தந்த தன்னம்பிக்கையும்கூட அதே நடத்தையை விளக்கிவிடும். ஒரு நிகழ்ச்சியைப் பல காரணங்களால் சமமாக விளக்க முடியும்போது, அவற்றுள் மிகவும் சுவையானதைத் தேர்ந்தெடுக்க ஆய்வாளருக்கு உரிமை இல்லை.

ஆகவே இந்த வழக்கில் மூன்று அளவு உறுதியோடு மூன்று வாக்கியங்களை எழுதலாம். ரிக்தோஃபனைக் கொன்றது தரையிலிருந்து வந்த தோட்டா என்பது ஏறத்தாழ உறுதி. அதைச் சுட்டது பெரும்பாலும் செட்ரிக் பாப்கின் என்பது வலுவான கணிப்பு. தலைக்காயம்தான் அவரை அந்த மேட்டுக்கு இட்டுச் சென்றது என்பது ஊகம். ராய் பிரௌன் வீழ்த்தினார் என்று இன்றும் பல நூல்களிலும் வினாடி வினாக்களிலும் ஐயமே இல்லாத உண்மையாக அச்சிடப்படுகிறது. அந்த வரியைத் திருத்துவதற்கான சான்று அவருடைய அறிக்கையில் இல்லாவிட்டாலும், வலது அக்குளுக்குக் கீழிருந்த அந்தக் காயத்தில் 1918 ஏப்ரல் 21 இரவிலேயே இருந்தது.